மாசா மாசம் பத்தாயிரம்

எங்க அத்தை யாருக்கும் எதையும் தனியா குடுத்தது கிடையாது. குடுக்கும்போது பக்கத்துல ஒரு ஆளாவது இருக்கணும். ஆள் இல்லைன்னா வர்ற வரைக்கும் காத்திருப்பா. பூனா கசார்வாடியில எங்க வீட்டுக்கு வந்து, இருக்கிற ஒத்தை நாற்காலியில உக்காந்து, கைப்பையை மடியில வச்சுக்கிட்டு, காப்பி குடிச்சு, ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சாலும் பையோட ஜிப்பை மட்டும் தொட மாட்டா. பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா வாசல் பக்கம் நடமாடினா போதும், "ஆவோ வஹினி, ஆவோ ஆவோ"ன்னு, அதாவது வாங்க அண்ணின்னு, கையைப் பிடிச்சு உள்ள இழுத்து உக்கார வச்சுருவா. அதுக்கப்புறம்தான் கவர் வெளிய வரும்.

"இந்தா செல்வி, வச்சுக்கோ. பிள்ளைக்குப் பாலு கீலு வாங்கிக் குடு"ன்னு அம்மாகிட்ட தமிழ்ல ஒரு தடவை. அப்புறம் வஹினி பக்கம் திரும்பி, "மேரா பாயி நஹீ ரஹா, பர் மை ஹூன் நா"ன்னு ஹிந்தியில ஒரு தடவை. தம்பி போயிட்டான், நான் இருக்கேன்லன்னு அர்த்தம். சொல்லும்போது கண்ணு ரெண்டும் நிறைஞ்சுரும். நடிப்பு இல்ல, நிஜமாவே அழுவா. வஹினி பாவம், ஆட்டிக்கிட்டே இருக்கிற தலையை நிறுத்தத் தெரியாம உக்காந்திருக்கும். ஒரு நாள் அம்மாகிட்ட சொல்லிச்சு, "உங்க நாத்தனார் வர்ற அன்னைக்கு நான் கதவையே திறக்கப் போறதில்ல, அடுப்புல எல்லாம் தீஞ்சு போகுது"ன்னு.

அத்தை இருந்தது சாங்வியில. அப்பாவோட அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து கல்யாணமாகி முதல்ல பூனாவுக்கு வந்தவ அவதான். பின்னாடியே எங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்து ஒரு லேத் பட்டறையில சேத்து விட்டதும் அவதான். அவளுக்குப் பிள்ளை கிடையாது. மாமா ஒரு பிரைவேட் கம்பெனியில சூப்பர்வைசர். வாயைத் திறந்து பேச மாட்டார். அத்தை ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவா.

எங்க வீட்டுல இருந்த குக்கர் அத்தை வாங்கிக் குடுத்தது. வரும்போதெல்லாம் நேரா அடுப்படிக்குப் போயி அதைத் தூக்கி, திருப்பி, அடியில கரி பிடிச்சிருக்கான்னு பாப்பா. "என் குக்கரு எப்படிட்டி இருக்கு?"ன்னு கேப்பா. எங்க எல்லாரையும் விட்டுட்டு குக்கரை நலம் விசாரிப்பா. நான் போட்டிருந்த ஸ்கூல் ஷூவைக் கோயில்ல எல்லார் முன்னாடியும் காட்டி, "நான் வாங்கினதுதான், நல்லா உழைக்கு பாத்தியளா"ன்னு சொல்லியிருக்கா. அப்ப நான் ஏழாவது. காலை பாவாடைக்குள்ள இழுத்துக்கிட்டேன். அன்னைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகல.

நல்லது செய்யலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். அப்பாவுக்கு மஞ்சக்காமாலை முத்தி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, அம்மாவுக்கு ஹிந்தியும் சரியா வராது, மராத்தி சுத்தமா வராது. அத்தைதான் டாக்டர்ட்ட மல்லுக்கட்டினா. வார்டு பாய் தள்ளுவண்டி தர மாட்டேன்னப்ப, அவளுக்குத் தெரிஞ்ச எல்லா பாஷையிலயும் அவனைத் திட்டி வண்டியைப் பிடுங்கிட்டு வந்தா. அப்பாவுக்கு மூத்திரச் சட்டி எடுத்தா. செத்தப்ப தலைமாட்டுல உக்காந்து அவ அழுத அழுகைக்கு வார்டே அழுதுச்சு. அதுக்கப்புறம் ஒரு கல்யாண வீடு விடாம, ஒரு காதுகுத்து விடாம, "என் தம்பிக்கு மூத்திரச் சட்டி எடுத்தது நான்"ன்னு சொல்லிக்கிட்டும் இருந்தா. ரெண்டும் ஒரே ஆள்தான். நான் என்ன பண்ண?

அப்பா போன முதல் வருஷம் பணம் ஒழுங்கா வந்துச்சு. ரெண்டாயிரம், சில மாசம் கொஞ்சம் கூட. அடுத்த வருஷம் ஸ்கூல் திறக்கிறப்பவும் தீபாவளிக்கும். அப்புறம் தீபாவளிக்கு மட்டும். ஆனா அத்தையோட பேச்சுல அது நிக்கவே இல்ல. "மாசா மாசம் தம்பி வீட்டுக்குக் குடுத்திருதேன்"ங்கிறது அப்படியே ஓடிச்சு. தொகை வேற ஏறிக்கிட்டே போச்சு. ரெண்டாயிரம் அஞ்சாயிரமாச்சு, எட்டாச்சு. நான் பன்னெண்டாவது முடிக்கும்போது பத்தாயிரத்துல வந்து நின்னுச்சு. பெட்ரோல் விலை மாதிரி, ஏறினது இறங்கவே இல்ல.

நான் குதிப்பேன். "ஏம்மா, நீ வாயைத் திறந்து இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான? நீ ரப்பர் வெட்டி என்னைப் படிக்க வைக்கிற, அவங்க பேர் வாங்கிட்டுப் போறாங்க"ன்னு கத்துவேன். அம்மா பக்கத்துப் பட்டறையில இருந்து ரப்பர் வாஷரை மூட்டையா வாங்கிட்டு வந்து, ஓரத்துப் பிசிறை கத்தரியால வெட்டிக் குடுப்பா. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. எங்க வீட்டுச் சோத்துல கூட ரப்பர் வாசம் அடிக்கும்.

"சொல்லிட்டுப் போறாவட்டி. வாய்தானே" அப்படிம்பா அம்மா. "ஆம்பள இல்லாத வீடு. நமக்குப் பின்னால கேக்க ஆளு இருக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதான்."

அதுலயும் நியாயம் இருந்துச்சுன்னு வைங்க. வாடகை பாக்கிக்குச் சத்தம் போட வர்ற வீட்டுக்காரன் கூட, அத்தை உக்காந்திருந்தா குரலைத் தாழ்த்திட்டுப் போவான்.

நான் பன்னெண்டாவதுல நல்ல மார்க். பார்மசி காலேஜ்ல சீட் கிடைச்சுது. நாலு வருஷப் படிப்பு. எனக்கு வேற எதுலயும் ஆசை இருந்ததில்ல. அப்பாவுக்கு மருந்து வாங்க மெடிக்கல் கடை மெடிக்கல் கடையா அலைஞ்சப்ப, அந்தக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாடி வெள்ளைக் கோட்டுல நின்ன பொண்ணுங்களைப் பாத்துப் பாத்து வந்த ஆசை. ஆனா ஃபீஸைக் கேட்டதும் அம்மா கத்தரியைக் கீழ வச்சுட்டா. கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்புக்குப் போனா, எங்க ஜாதி சர்ட்டிபிகேட் தமிழ்நாட்டுது, இங்க செல்லாதுன்னுட்டாங்க. அப்பதான் எங்க டீச்சர் ஒரு டிரஸ்டைப் பத்திச் சொன்னாங்க. அப்பா இல்லாத பொண்ணுங்களுக்கு நாலு வருஷ ஃபீஸும் அவங்களே கட்டிருவாங்க. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். அம்மாவோட கூலியை வருஷம் பூரா கூட்டினாலும் அந்த வரம்புக்குப் பாதி கூட வராது.

அப்ளிகேஷன்ல ஒரு கேள்வி இருந்துச்சு. சொந்தக்காரங்க மூலமா பணம் வருதா, வந்தா எவ்வளவுன்னு. அம்மாவுக்கு அது புரியவே இல்ல.

"வருமானம்னா நம்ம கையால சம்பாதிக்கதுல்லா? மதினி குடுக்கது எப்படிட்டி வருமானமாவும்? அது பாசத்துல குடுக்கது" அப்படின்னா.

"இவங்க பாசத்தையும் சேத்துத்தான்மா கூட்டுவாங்க" அப்படின்னேன்.

ரெண்டு பேரும் யோசிச்சு, 'பண்டிகைக்கு எப்பவாவது'ன்னு எழுதினோம். உள்ளது அதுதான். அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.

ரெண்டு வாரம் கழிச்சு டிரஸ்ட்ல இருந்து போன். ஞாயித்துக்கிழமை ஒரு மேடம் வீட்டைப் பாக்க வருவாங்கன்னாங்க. அந்த வார்த்தையைக் கேட்டதுதான் தாமதம், எங்க அம்மாவுக்கு என்ன ஆச்சோ தெரியல. பொண்ணு பாக்க வர்றாங்கங்கிற மாதிரி ஆயிட்டா. ரப்பர் மூட்டை மொத்தத்தையும் கொண்டு போய் வஹினி வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில ஒளிச்சா. ஊதுபத்தி கொளுத்தி ரப்பர் நாத்தத்தை ஓட்டினா. நாற்காலி கடன், கண்ணாடிக் கப்பு கடன், புதுப் பெட்ஷீட் கடன். சுவர்ல இருந்த ஓதத்தை மறைக்க ஒரு பெரிய காலண்டர் கடன். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

"அம்மா, நாம இல்லாதவங்கன்னு பாக்கத்தான் அவங்க வர்றாங்க. இருக்கிறபடியே இரும்மா!"

"அதுக்காவ, வீட்டுக்கு வாரவங்க முன்னால கேவலப்பட்டு நிக்கவா முடியும்? உங்க அப்பா இருந்தா இப்படி விட்டுருவாவளா?"

அதோட விட்டாளா? முன்னப் பின்ன தெரியாதவங்க வீட்டுக்கு வரும்போது நம்ம பக்கம் ஒரு பெரிய மனுஷி வேண்டாமான்னு சாங்விக்குப் போன் போட்டுட்டா.

அத்தை பட்டுச்சேலையில ஆட்டோவுல வந்து இறங்கினா. ஒரு கையில கேசரி டப்பா, இன்னொரு கையில வெள்ளித் தட்டு. உள்ள வந்ததும் என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"என்னட்டி கோமு, வெறுங்கழுத்தா நிக்க? பாக்க வாரவ என்ன நினைப்பா?" தன் கழுத்துல கிடந்த சங்கிலியைக் கழட்டி என் கழுத்துல போட்டா. நான் கழட்டினேன். திரும்பப் போட்டா. "கிட, சவமே"ன்னு கன்னத்துல செல்லமா ஒரு இடி.

வந்த மேடம் ரிட்டயர்ட் டீச்சராம். சாதாரணக் காட்டன் சேலை, கையில ஒரு கண்ணாடி வளையல் கூட இல்ல. வெள்ளித் தட்டுல கேசரியைப் பாத்துட்டு ஒரு நிமிஷம் முழிச்சாங்க. என் சங்கிலியைப் பாத்தாங்க. நல்லபடியாத்தான் பேசினாங்க. என் மார்க்கைப் பாத்து "சான், சான்"னு பாராட்டி முதுகுல தட்டினாங்க. அப்புறம் அம்மாகிட்ட மெதுவா ஹிந்தியில கேட்டாங்க, இந்த வருமானத்துல எப்படிம்மா வீடு ஓடுதுன்னு.

அம்மா பதில் சொல்லத் தயாராத்தான் இருந்தா. ரப்பர்னு ஆரம்பிச்சா. அதுக்குள்ள அத்தை முந்திக்கிட்டா. தம்பி பொஞ்சாதி ரப்பர் வெட்டிப் பிழைக்கிறான்னு ஒரு அந்நிய மனுஷிக்கு முன்னால வெளிய வந்துட்டா அத்தைக்கு என்ன மரியாதை?

"வோ அகேலி நஹீ ஹை, மேடம். மை ஹூன். ஹர் மஹினா மை தேத்தி ஹூன்." இவ தனியா இல்ல, நான் இருக்கேன், மாசா மாசம் குடுக்கிறேன்னு.

மேடம் நிமிர்ந்தாங்க. "ஹர் மஹினா? கித்னா?" எவ்வளவுன்னு கேட்டாங்க.

"அத்தே, சும்மா இருங்க"ன்னு தமிழ்ல சொன்னேன். அத்தை என் பக்கமே திரும்பல. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு சொன்னா, "தஸ் ஹஸார்." பத்தாயிரம்.

மேடம் அம்மாவைப் பாத்தாங்க. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. புருஷனோட அக்காவை, அதுவும் வெளி ஆளுக்கு முன்னாடி, பொய்யின்னு சொல்ற வழக்கம் எங்க வீட்டுல இல்ல. நான் குறுக்க பாஞ்சு, "அப்படி இல்ல மேடம், தீபாவளிக்கு மட்டும்தான்"னேன். சின்னப் பொண்ணு பேச்சை எடுத்துக்கவா, பட்டுச்சேலை பேச்சை எடுத்துக்கவா? மேடம் வாசல்ல நின்ன வஹினியைப் பாத்தாங்க. அந்தப் புண்ணியவதி எங்க மானத்தைக் காப்பாத்துறதா நினைச்சு, நெஞ்சுல கை வச்சு மராத்தியில சொல்லிச்சு. ஆமா மேடம், கவர் குடுக்கிறதை நான் என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன், பாவம் ரொம்ப நல்லவங்கன்னு.

மேடம் கேசரியைத் தொடாம டீ மட்டும் குடிச்சுட்டுப் போனாங்க. அத்தை அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தா. "பாத்தியா, நான் பேசவும் அவ வாயடைச்சுப் போயிட்டா"ன்னா.

ஸ்காலர்ஷிப் எனக்குக் கிடைக்கல. நேர்லயே போய்க் கேட்டோம், நானும் அம்மாவும். டிரஸ்ட் ஆபீஸ்ல அதே மேடம்தான். கோபப்படல. சொந்தக்காரங்க மாசா மாசம் குடுக்கிற பணத்தையும் வருமானமாத்தான் எடுத்துக்கணும், அதைச் சேத்தா வரம்பைத் தாண்டிருதுன்னாங்க. அம்மா அங்கயே அழுதுட்டா. ரப்பர் மூட்டையை ஒளிச்சதை எல்லாம் சொன்னா. அந்த மேடம் நல்லவங்கதான். ஒரு வழி சொன்னாங்க. உங்க அத்தை ஒரு பேப்பர்ல, நான் எப்பவாவதுதான் உதவி செய்றேன், மாசா மாசம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், கமிட்டியில நான் பேசுறேன்னாங்க.

நாலு வருஷப் படிப்புக்கு ரெண்டு வரி. அவ்வளவுதான் கேட்டோம்.

சாங்விக்கு அன்னைக்கே போனோம். மாமா சோபாவுல மொபைல்ல ஷேர் மார்க்கெட் பாத்துக்கிட்டிருந்தார். அத்தை தோசைக்கு அரைச்சுக்கிட்டே கேட்டா. அம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல கிரைண்டரை நிறுத்திட்டா.

"அதாவது, நான் பொய் சொன்னேன்னு எழுதித் தரணும். அந்த டீச்சரம்மாகிட்ட."

"பொய்யின்னு யாரு மதினி சொன்னா? எப்பவாவதுன்னு எழுதினாப் போதும். பிள்ள படிப்பு மதினி. உங்க தம்பி மவ" அம்மா அத்தையோட ஈரக் கையைப் பிடிச்சுக்கிட்டா.

மாமா வாயைத் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்ல. அன்னைக்கு மொபைலை விட்டுக் கண்ணெடுக்காம சிரிச்சார். "பத்தாயிரமா? ஏளா, உன் கையில நான் என்னைக்குட்டி பத்தாயிரம் குடுத்தேன்? பால்காரனுக்கே என் கையாலதானே குடுக்கேன். அந்தக் காலத்துல ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போவா. போயிட்டு வந்ததும் நான் கேப்பேன், குடுத்தியா, எந்தச் சீட்டுலயாவது போட்டியா, குடுத்ததை யாரு பாத்தான்னு. அந்த மராத்திக்காரி பாத்தாம்பா."

அத்தை முகத்துல ரத்தமே இல்ல. எனக்கு அப்பதான் விளங்குச்சு, வஹினியை ஏன் கையைப் பிடிச்சு இழுத்தான்னு. இத்தனை வருஷம் அவ ஜிப்பைத் திறக்காம உக்காந்திருந்தது பெருமைக்கு மட்டும் இல்ல. வீட்டுக்குப் போனா கணக்குச் சொல்லணும். எங்க வீட்டு வாசல்லயும் கோயில்லயும் மகாராணி மாதிரி நடந்தவ கையில, கேக்காம எடுக்க நூறு ரூபா கிடையாது.

பாவமா இருந்துச்சு. இல்லைங்கல. ஆனா பாவமா இருந்து என்ன? காலேஜ் கவுன்ட்டர்ல அதை வாங்கிக்க மாட்டாங்களே. "அத்தே, கையெழுத்துப் போடுங்க"ன்னேன். என் குரல் எனக்கே மிரட்டல் மாதிரி இருந்துச்சு.

அத்தை கையைத் துடைச்சா. எங்களைப் பாக்கல, மாமாவைப் பாத்துச் சொன்னா. "எதுக்கு அந்தப் பிச்சைக் காசு? என் மருமவளுக்கு நான் கட்டுதேன். நாலு வருஷமும் நானே கட்டுதேன். டிரஸ்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

மாமா மறுபடி மொபைலுக்குள்ள போயிட்டார். அத்தை கையெழுத்துப் போடல. அந்த வாரமே கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, கோமு படிப்பு என் பொறுப்புன்னு. பொம்பளைங்க எல்லாம் என் கன்னத்தைத் தடவி, குடுத்து வச்ச பிள்ளைன்னாங்க.

ஃபீஸ் கட்ட கடைசி நாள் வந்துச்சு. நானும் அம்மாவும் காலேஜ் ஆபீஸ் முன்னாடி உக்காந்திருந்தோம். அத்தைக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாத்தோம். எடுக்கல. வாடகை வீட்டு ஓனர், பட்டறை முதலாளின்னு எல்லாருக்கும் அம்மா கடன் கேட்டுப் போன் போட்டா. கிளார்க் ரெண்டு தடவை எட்டிப் பாத்தார். அப்புறம் ஷட்டரை இறக்கிட்டார்.

அத்தை வந்தா. வராம இல்ல. அடுத்த வாரம் வந்தா, கேட்டதுல பாதிப் பணத்தோட. எங்க புரட்டினாளோ, யார் கால்ல விழுந்தாளோ தெரியாது. அதையும் தனியா கொண்டு வந்தாளா? அவ பில்டிங்ல இருந்து ரெண்டு பொம்பளைங்களையும் காலேஜுக்கே கூட்டிட்டு வந்திருந்தா. சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த அடுத்த பொண்ணுக்குப் போயி நாலு நாள் ஆச்சுன்னு கிளார்க் சொன்னார். அத்தை அவர்கிட்ட சண்டை போட்டா, ஆஸ்பத்திரியில வார்டு பாயைத் திட்டின மாதிரியே. அவர் அசையல. அப்புறம் படியில நின்னு, அந்த ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, கவரை அம்மா கையில குடுத்தா.

"வச்சுக்கோ. நான் குடுத்துட்டேன், பாத்துக்கோங்க. பிள்ள ராசி இப்படி, நான் என்ன செய்ய?"

அம்மா அதை வாங்கிக்கிட்டா. நான் அன்னைக்கு அம்மாவை அடிக்காத குறை. அந்தப் பணத்துல ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் சேந்தேன். ரோஷம் பாத்து வேண்டாம்னு சொல்லக் கூட வசதி வேணும். ராத்திரிக் காலேஜ்ல பி.காம் முடிச்சேன். ஒரு தர்ம ஆஸ்பத்திரியில பில்லிங் கவுன்ட்டர்ல வேலை கிடைச்சுது. இன்னும் அங்கதான் இருக்கேன். மருந்து பில்லை அடிச்சுக் குடுப்பேன். அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு எல்லாரும் பக்கத்துக் கண்ணாடிக்குப் போவாங்க. அங்க வெள்ளைக் கோட்டுப் பொண்ணுங்க இருக்காங்க. நல்ல பிள்ளைங்க. அவங்களைப் பாத்தாலே எனக்கு எரியும். ஊர்ல கேட்டா அத்தை கதை வேற மாதிரி இருக்கும். "நான் கட்டப் போனேன், அவதான் சீட்டை விட்டுட்டா. அப்புறமும் நான்தான் படிக்க வச்சேன்."

மாமா செத்தப்புறம் பாத்தா பேங்க்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் ஷேர்ல போயிருந்துச்சு. அத்தை முன்ரூமை ரெண்டு ஐடி பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விட்டு, அதுல அரிசி வாங்கிக்கிட்டிருந்தா. எங்க வீட்டுல இருந்து பணம்னு ஒண்ணும் போகல. அம்மா எப்பவாவது மீன்கொழம்பு குடுத்து விடுவா. நான் அதுவும் இல்ல. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தாங்க.

எங்ககிட்ட வசதி இல்லாதவங்களுக்கு இலவசக் கட்டில் உண்டு. ஆபரேஷனும் இலவசம். ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு மராத்திப் பொண்ணுதான் வார்டுக்கே வந்து விசாரிச்சு எழுதுவா. நான் கூட நின்னேன். சுத்தியும் கட்டில், எல்லாக் கட்டில்லயும் ஆளு, ஆளுக்கு ரெண்டு சொந்தக்காரங்க. வாடகைக்கு இருக்கிற பிள்ளைங்களும் பாக்க வந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு கேட்டா, சொந்தக்காரங்க யாராவது மாசா மாசம் உதவுறாங்களா பாட்டி, சரியா சொல்லுங்க, அப்படி வந்தா அதையும் வருமானமா எழுதணும்னு.

வலியில முனகிக்கிட்டு இருந்த அத்தை, கேள்வியைக் கேட்டதும் தலையைத் தூக்கினா. என்னைக் கை காட்டினா.

"மேரீ பதீஜி ஹை நா. இதர்ஹீ காம் கர்த்தி ஹை. வோ சப் தேக்தி ஹை. ஹர் மஹினா தேத்தி ஹை." தம்பி மக இங்கதான் வேலை பாக்குறா, எல்லாம் அவதான் பாத்துக்கிறா, மாசா மாசம் குடுக்கிறான்னு.

அந்தப் பொண்ணு பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. அத்தையும் பாத்தா. ஆமான்னு சொல்லுட்டின்னு கெஞ்சுற பார்வை. ஆமான்னா கட்டில் போச்சு, ஆபரேஷன் போச்சு. அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் கெஞ்சுறா.

"இல்ல" அப்படின்னேன், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, ஹிந்தியில. "நாங்க ஒரு பைசா குடுக்கிறதில்ல. யாரும் குடுக்கிறதில்ல. இவங்களுக்கு யாரும் இல்ல."

சொல்லும்போது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. மறைக்க மாட்டேன். அவளுக்கு நல்லதுதான் செஞ்சேன். அவ எனக்கு எழுதித் தராத அந்த ரெண்டு வரியைத்தான் நான் அவளுக்காக வாயால சொன்னேன். ஆனாலும் நல்லது செய்யும்போது அவ்வளவு சந்தோஷம் வரக் கூடாது.

அந்தப் பொண்ணு போனதும் அத்தை மெல்லக் கேட்டா, "இத்தனை பேரு முன்னால சொல்லணுமாட்டி, கோமு?"

கவுன்ட்டர்ல வரிசை நிக்கும்னு கிளம்பிட்டேன்.

ஆபரேஷன் நல்லா நடந்துச்சு. ஆனா அவ எழுந்து சரியா நடமாடல. ஆறேழு மாசத்துல போய்ச் சேந்துட்டா. கொள்ளி வைக்க ஊர்ல இருந்து மாமாவோட அண்ணன் மகன் வந்தான். பதினாறாம் நாள் சாங்வியில சாப்பாடு போட்டாங்க. கோயில்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க. அதுல ஒரு பெரியம்மா என் கையைப் பிடிச்சு, கூட்டத்துக்கு நடுவுல உக்கார வச்சாங்க.

"நீ செஞ்சதை வேற யாரு செய்வா, கோமு? ஆபரேஷன் செலவு பூரா நீதான் போட்டியாமே. மாசா மாசம் வேற குடுத்தியாமே. அவ போன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா. என் மருமவ இல்லைன்னா நான் இல்லன்னு."

நான் சத்தமாவே சொன்னேன். "நான் ஒரு பைசா போடல பெரியம்மா. அது இலவசக் கட்டில். மாசா மாசம் நான் ஒண்ணும் குடுக்கவும் இல்ல. அத்தை சொன்னது பொய்."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. பெரியம்மா என் தாடையைப் பிடிச்சுக் கொஞ்சி, மத்தவங்க பக்கம் திரும்பினாங்க.

"பாத்தியளா? செஞ்சுட்டு வாயைத் திறக்க மாட்டேங்கா. இதுதான் பிள்ள. அவ அத்தைக்காரி இருந்தாளே, கால் ரூபா குடுத்தாலும் ஊரைக் கூட்டுவா."

எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. நான் திரும்ப வாயெடுத்தேன். பக்கத்துல இருந்த அம்மா என் முழங்காலை அமுக்கிட்டு, "ஆமா, எம் மவ அப்படித்தான், ஒண்ணும் சொல்ல மாட்டா"ன்னா. இலை போட்டாச்சுன்னு கூப்பிட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க. ஆயுசு பூரா எந்தப் பேருக்காக அத்தை அலைஞ்சாளோ, அந்தப் பேரை ஒத்தைப் பைசா செலவில்லாம என் தலையில கட்டிட்டுப் போயிட்டா.